சுவருக்கு அப்பால் நின்ற ஆம்புலன்ஸ்

என் உயிரான நானாவுக்கு,

உங்கள் தங்கச்சி சலாம் சொல்லிக்கொள்கிறேன். கபுரில் அடங்கியிருப்பவர்களுக்கும் சலாம் சொல்லலாம் என்று மார்க்கமே சொல்லியிருக்கும்போது, கூடவே ஒரு கடுதாசி எழுதினால் என்ன தப்பு? பதில் வராது என்பது தெரியும். உயிரோடு இருந்தபோதும் நான் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் வாயைத் திறப்பீர்கள். அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் மௌத்தான அன்று நான் ஒரு பொய் சொன்னேன். அதை ஒரு வருஷத்துக்கு மேல் வயிற்றிலேயே வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சோறு இறங்குமா? எனக்கு இறங்கவில்லை. போன மாதம் ஊர் கூடிய இடத்தில் அதைச் சொல்லிவிட்டேன். உங்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

படிக்கிறவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வாப்பா காரைக்காலிலிருந்து துணி மூட்டையோடு வியட்நாமுக்கு, இந்தச் சைகோனுக்கு வந்தவர். நான்காம் வட்டாரத்தில், ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்தில்தான் நாம் இரண்டு பேரும் பிறந்தோம். எழுபத்தைந்தில் ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியதும் வாப்பாவின் துணிக்கடை போயிற்று. நம் ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டு காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் விமானம் ஏறினார்கள். உம்மா மட்டும் அசையவில்லை. "உங்க வாப்பாவ இந்த மண்ணுல வச்சிட்டு நா எங்கெடா வர்றது? நீங்க போறதா இருந்தா போங்க" என்றார். நீங்கள் டிக்கெட்டுக்கு வைத்திருந்ததைக் கொடுத்து ஒரு பழைய லாம் வண்டியை வாங்கிவிட்டீர்கள்.

அந்த மூன்று சக்கர வண்டியை இன்றைய பிள்ளைகள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் இரண்டு பலகை, அதில் பத்துப் பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கோழிக்கூடை மடியில், மீன்கூடை காலடியில். நீங்கள் முன்னால் ஒரு சின்னப் பலகையில் வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுவீர்கள், ஏனென்றால் இடது பக்கமும் ஒரு ஆளை ஏற்றியிருப்பீர்கள்.

இந்த ஊர்த் தெற்கத்தி வழக்கப்படி மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் சந்துக்கே நீங்கள் 'ஆன் ஹாய்', இரண்டாம் அண்ணன். நான் மூன்று, 'கோ பா'. "அப்ப ஒண்ணாவது எங்கெ போனான்?" என்று உம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நானா, அந்த வருஷங்களில் ரோடு எவ்வளவு காலியாகக் கிடந்தது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, சவுக்காரத்துக்கு வரிசை. வரிசை இல்லாத ஒரே இடம் ரோடுதான். சைக்கிள்கள் போகும், சிக்லோ ரிக்‌ஷா போகும், எப்போதாவது ஒரு கமியோன் லாரி புகை விட்டுக்கொண்டு போகும். புளியமரத்துச் சருகு ரோட்டின் நடுவில் விழுந்தால் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடக்கும். பசியோடு இருந்தோம், பயத்தோடும் இருந்தோம். அதை நல்ல காலம் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். ஆனாலும் அந்த ரோட்டை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நம் சந்தில் சோற்றுக்கடை வைத்திருக்கிற 'து' என்ற அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்த கதையை மறந்திருக்க மாட்டீர்கள். உடைந்த அரிசிச் சோறு விற்கிறவள், வலி வந்த பிறகும் கல்லாவை விட்டு எழுந்திருக்காமல் நாலு தட்டுப் போட்டுவிட்டு வந்தாள். நீங்கள் வண்டியை எடுத்த வேகத்தில் நான் பலகையிலிருந்து கீழே சரிந்தேன். பாலம் ஏறி இறங்கும்போதே பிள்ளை பாதி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஓடி வந்து பார்த்தபோது என் மடியில் அழுதுகொண்டிருந்தது. து அக்கா அந்த நிலைமையிலும், "மெதுவா ஓட்டக்கூடாதா, ஆன் ஹாய்? ரெண்டு நிமிஷம் இருந்தா கட்டில்ல பெத்திருப்பேன்" என்று உங்களைத் திட்டினாள். அந்தப் பிள்ளைக்கு லாம் என்றே பெயர் வைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்து, நமக்காகப் பன்றி படாத தனிச் சட்டி ஒன்றும் அவள் கடையில் வைத்தாள். அந்தச் சட்டியில் பொரித்த முட்டைதான் உங்களுக்கு முப்பது வருஷம் காலைச் சாப்பாடு.

அதற்குப் பிறகு சந்தில் யாருக்கு என்ன வந்தாலும் உங்கள் வண்டிதான். ஆம்புலன்ஸ் என்ற ஒன்று ஊரில் இருக்கிறது என்றே நமக்கு நினைவு இருக்காது. நீங்கள் ஹாரனை மூன்று தரம் அடித்தால் சந்துக்கு அர்த்தம் தெரியும். சோற்றுக்கடைப் பெஞ்சு உள்ளே போகும், காப்பிக்கடைக் குடை மடங்கும், சைக்கிள்கள் எல்லாம் சுவரோடு சாயும். சந்து வாயில் யாராவது வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவீர்கள். பிறகு அவன் வந்து கத்தும்போது நம் வீட்டுப் பம்பை நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள். இரண்டு தரம் காற்று அடித்தவன் மூன்றாம் தரம் அங்கே நிறுத்த மாட்டான்.

நம் முகவரியை நினைத்துப் பாருங்கள். நாற்பத்தேழு கீறல் பன்னிரண்டு. பெரிய ரோட்டில் நாற்பத்தேழாம் நம்பருக்குப் பக்கத்தில் சந்து வாய், உள்ளே பன்னிரண்டாம் வீடு. நான் பேச ஆரம்பித்ததும் உம்மா முதலில் சொல்லிக் கொடுத்தது கலிமா, இரண்டாவது இந்த நம்பர். தொலைந்துபோனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. பள்ளிக்கூடத்தில், ரேஷன் அட்டையில், என் நிக்காஹ் பதிவில், உம்மாவின் மௌத்துச் சீட்டில், எல்லாவற்றிலும் அதைத்தான் எழுதினோம்.

லாம் வண்டிகளை நிறுத்திவிட்ட பிறகு உங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மச்சி அதற்கு முன்பே உங்களையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் மகன் சலீமை நாம் இரண்டு பேருமாக வளர்த்தோம். எனக்கென்று அல்லாஹ் பிள்ளை கொடுக்கவில்லை, மாப்பிள்ளையும் தங்கவில்லை. சலீம் என்னை மாமி என்று கூப்பிட்டாலும் ஒரு காய்ச்சல் வந்தால் உம்மா என்றுதான் முனகுவான். இப்போது நகரத்தின் மறு கோடியில், தூ டுக்கில் எஞ்சினியராக இருக்கிறான். தமிழ் அவனுக்குப் பாதிதான் வரும், அந்தப் பாதியும் உங்களோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டது.

அப்புறம் அந்தக் கட்டடங்கள் வந்தன. சந்து வாயை ஒட்டி இருந்த பழைய அரிசிக் கிடங்குகளை இடித்துவிட்டு ஆறு கோபுரம் கட்டப்போகிறார்கள் என்று வட்டார அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். மேஜை மேல் ஒரு பொம்மை ஊர். விரல் அளவு மரங்கள், பட்டாணி அளவு கார்கள், நீலக் கண்ணாடியில் ஆறு. எல்லோரும் குனிந்து குனிந்து அழகு பார்த்தோம். நானும்தான். நீங்கள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள்.

"தம்பி, இதுல அஞ்சு மணி எங்கெ இருக்கு?" என்று கம்பெனிக்காரப் பையனைக் கேட்டீர்கள்.

அவனுக்குப் புரியவில்லை. "எந்த அஞ்சு மணி, பெரியப்பா?"

"சாயங்காலம் அஞ்சு மணி. ஆறு கோபுரத்துக்காரனும் வீட்டுக்கு வர்ற நேரம். அப்ப எங்க சந்துக்குள்ள யாராவது விழுந்தா வண்டி எந்தப் பக்கமா வரும்?"

கூட்டம் சிரித்தது. போக்குவரத்து ஆய்வெல்லாம் முடித்தாயிற்று, அவசரக் கதவு ஒன்று வரைபடத்தில் இருக்கிறது என்று பையன் பணிவாகச் சொன்னான். நீங்கள் விடவில்லை. ஆய்வு எத்தனை மணிக்குச் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, நானா. படித்தவர்கள் முன்னால் பழைய டிரைவர் ஒருவர் இப்படி வம்பு பண்ணுகிறாரே என்று இருந்தது. அந்த வெட்கத்துக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

கோபுரங்கள் எழுந்தன. சந்து வாய் இருந்த இடத்தில் மதில் வந்தது, மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கார்கள் நிலத்தடிக்கு இறங்குகிற சரிவு. மதிலில் வண்டி நுழைகிற அகலத்துக்கு ஒரு இரும்புக் கதவு வைத்தார்கள். வரைபடத்தில் இருந்த அவசரக் கதவு அதுதான், பூட்டோடு. நமக்குப் பின்பக்கம், கால்வாய்க் கரையிலிருந்து புது வழி. வழி மாறியதால் நம்பரும் மாறியது. புதுத் தகட்டை நீங்களே ஏணி போட்டு அடித்தீர்கள். பழைய தகட்டைக் கழற்றவில்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் புள்ளெ, சோறா கேக்குது" என்றீர்கள்.

சாயங்காலத்தில் அந்த ரோட்டைப் பார்க்கவே சகிக்காது. கோபுரத்துக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும், பள்ளிக்கூட வேன்கள் ஏறும், மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையில் ஏறி நடக்கிறவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்கும். நீங்கள் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கால்வாய் வழியாகச் சுற்றிப் போய் அந்த ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவீர்கள். எதைத்தான் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டீர்கள். ஒரு நாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னெக்கி ஒரு ஆம்புலன்ஸு நம்ம பழைய சந்து வாய்க்கு எதிரெ நகர முடியாம நின்னுச்சு. உள்ள ஒரு பொம்புளெ புள்ளெ அழுதுச்சு. எனக்கு எறங்கிப் போயி ஓட்டணும்போல இருந்துச்சு" என்றீர்கள். அன்றைக்கு நான் உங்களைச் சாப்பிடச் சொல்லி அதட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இனி நான் தள்ளிப்போட முடியாது. அந்த நாளுக்கு வருகிறேன்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மின்விசிறியைப் பிரித்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தீர்கள். கையில் இருந்த திருப்புளி கீழே விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தீர்கள். நான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் முகவரி கேட்டாள். நான் சொன்னேன்.

நாற்பத்தேழு கீறல் பன்னிரண்டு என்று சொன்னேன், நானா. புது நம்பர் என் தலைக்கு மேலே தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதைத் துடைக்கிறவள் நான். ஆத்திர அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, எனக்கு நாக்கு போகவில்லை. உம்மா சொல்லிக் கொடுத்த நம்பர்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், அவ்வளவு பக்கத்தில். து அக்கா உங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடலாம் என்றாள், இரண்டு பேர் நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். "இதோ வந்துருச்சு நானா, கேக்குதா, வந்துருச்சு" என்று உங்கள் காதில் சொன்னேன்.

நீங்கள் கண்ணைத் திறந்து கேட்டீர்கள். டிரைவர் காது அல்லவா, ஒரே வினாடியில் தெரிந்துகொண்டீர்கள். "அவன் பழைய வாய்க்கு வந்துட்டான் புள்ளெ. சுத்திக்கிட்டு வரணும்" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "அஞ்சு மணியாச்சே" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

லாம் மதில் பக்கம் ஓடிக் கதவைக் குலுக்கினான். அந்தப் பக்கம் காவல்காரர் நின்றார், பாவம், அவரிடம் சாவி இல்லை. சாவி அலுவலகத்தில், அலுவலகத்துக்காரர் எங்கோ. சைரன் நம்மை விட்டுத் தள்ளித் தள்ளிப் போவது எனக்குக் கேட்டது. அது சுற்றிக்கொண்டு கால்வாய்க் கரை வழியாக வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு நேரம் ஆகியிருந்தது. டாக்டர் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குச் சலீம் ஓடி வந்தான். மெட்ரோவில் வந்து, அங்கிருந்து ஓடியே வந்திருக்கிறான், சட்டை நனைந்திருந்தது. அழவில்லை. "மாமி, எந்த நம்பர் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"புது நம்பர்தான் வாப்பா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.  ஜனாஸாவைக் கபுருஸ்தானுக்குத் தூக்கும்போதும் அழவில்லை. நாற்பதாம் நாள் முடிந்து தூ டுக்குக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தான், பழம் வாங்கி வந்தான், மருந்து வாங்கி வந்தான், ஆனால் உட்கார்ந்து பேசவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு நன்றி என்று சொன்னான். வளர்த்த பிள்ளை மாமியிடம் நன்றி சொல்கிறதென்றால் அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்து மட்டும் சும்மா இருக்கவில்லை. அந்த இரும்புக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். கம்பெனி பதில் எழுதியது. வருத்தமான சம்பவம், ஆனால் குடும்பத்தார் தவறான முகவரி கொடுத்திருக்கக்கூடும், சரியான முகவரி கொடுத்திருந்தால் வண்டி நேராகக் கால்வாய் வழிக்கு வந்திருக்கும், ஆகவே கதவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று. போன மாதம் வட்டார அலுவலகத்தில் இதற்காக ஒரு கூட்டம் வைத்தார்கள்.

முந்தின நாள் து அக்கா கடைக்கு என்னை வரச் சொன்னாள். நான் சொன்ன நம்பர் அவளுக்குத் தெரியும், பக்கத்தில்தானே நின்றாள். கரண்டியைக் காட்டி மிரட்டினாள்.

"நாளைக்கு வாயைத் தொறந்து உளறி வைக்காதே, கோ பா. புது நம்பர் சொன்னேன்னு சொல்லு. உன் பையன்கிட்டயே சொல்லியாச்சு, இவங்ககிட்டச் சொல்ல என்ன? நீ பழைய நம்பர்னு ஒத்துக்கிட்டா அவன் கைதட்டிட்டு எழுந்து போயிருவான். கதவு தொறக்காது. ஆன் ஹாய் செத்தது உன் தலையில விழும்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. சந்துக்குக் கதவு வேண்டும். எனக்குச் சலீம் வேண்டும். இரண்டுக்கும் நான் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை. வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் பெயர், வயது, முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நானும் எழுதினேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன தேநீர். அந்தப் பொம்மை ஊரை இந்தத் தடவை கொண்டு வரவில்லை. சலீம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். கழுத்தில் டை கட்டிய கம்பெனிக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். முடிவில் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் எந்த முகவரி சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். புது நம்பர் என்று சொல்லத்தான் நின்றேன், நானா, சத்தியமாக. பின்னால் சலீம் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று பார்க்காமல் நின்றேன். பார்க்காமலும் சொல்ல முடியவில்லை.

"பழைய நம்பரைத்தான் சொன்னேன்" என்றேன். "நாற்பத்தேழு கீறல் பன்னிரண்டு. என் தப்புதான். இந்தப் பையன்கிட்டப் பொய் சொன்னேன். எங்க அண்ணன் விழுந்து கெடக்கும்போது என் வாயில வேற நம்பர் வரல. நான் பேசக் கத்துக்கிட்டதே அந்த நம்பர்லதான். நாளைக்கு நானே விழுந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

 து அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். டை கட்டியவர் எதையோ எழுதிக்கொண்டார், மெதுவாக, "அப்படியானால் காரணம் தெளிவாகிவிட்டது" என்றார்.

தலைமை தாங்கிய அம்மாள் வட்டார அலுவலகத்தில் வெகுநாள் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். வாசலில் இருந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். பக்கத்தைத் திருப்பினார். பிறகு நோட்டைத் தூக்கி டை கட்டியவர் முன்னால் வைத்தார்.

"படிச்சுப் பாருங்க" என்றார். "இன்னிக்குக் காலையில எழுதினது. யாருக்கும் நெஞ்சுவலி இல்ல, யாரும் அவசரத்துல இல்ல. எத்தனை பேர் புது நம்பர் எழுதிருக்காங்கன்னு சொல்லுங்க."

அவர் படித்தார். காப்பிக்கடைக்காரர், நாற்பத்தேழு கீறல் மூன்று. து அக்கா, நாற்பத்தேழு கீறல் ஐந்து. பள்ளிக்கூட வாத்தியாரம்மா, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற லாம், சந்தின் கடைசி வீட்டுக் கிழவர், எல்லோரும் நாற்பத்தேழுதான். கதவு கேட்டு வந்த நான் எழுதியதும் அதுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், நமக்குக் கபுருஸ்தான் மட்டும். இரண்டே இரண்டு பேர் புது நம்பர் எழுதியிருந்தார்கள், போன வருஷம் வாடகைக்கு வந்த புருஷனும் பெண்டாட்டியும்.

"இந்தச் சந்துக்காரங்க எப்பக் கூப்பிட்டாலும் வண்டி உங்க மதிலுக்குத்தான் வரும்" என்றார் அந்த அம்மாள். "அம்பது வருஷமாச் சொன்ன நாக்கை நீங்க மாத்த முடியாது. பூட்டை மாத்தலாம்."

கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். சலீம் மரத்தடியில் நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். பக்கத்தில் போய், "மாமியெ மன்னிச்சிரு வாப்பா" என்றேன்.

அவன் வியட்நாமிய மொழியில் ஆரம்பித்து, நிறுத்தி, தன் பாதித் தமிழில் சொன்னான். "எனக்கு அன்னெக்கே தெரியும் மாமி. அந்த ஆம்புலன்ஸ் டிரைவரெ நா ஆஸ்பத்திரிலெ பாத்துப் பேசிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். நம்பருக்குக் கோவம் இல்லெ. நீங்க எங்கிட்ட சொல்லலெ, அதுக்குத்தான். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரொம்ப நாளு இருந்துட்டேன்." அதற்குப் பிறகுதான் அழுதான். ஒரு வருஷத்து அழுகை, வட்டார அலுவலக வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க. நானும் அழுதேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நன்றி சொல்லவில்லை.

கதவின் பூட்டை எடுத்தாயிற்று. இப்போது வெறும் தாழ்ப்பாள். காவல்காரரும் திறக்கலாம், நாமும் திறக்கலாம். ரோடு மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதை யார் மாற்றுவது? ஏழாவது கோபுரம் வருகிறது என்றும் பேச்சு அடிபடுகிறது. வரட்டும், கூட்டம் வைப்பார்கள் அல்லவா, நான் போவேன். என் சட்டையைப் பிடித்து உட்காரவைக்க இப்போது யாரும் இல்லை.

போன வியாழக்கிழமை சாயங்காலம் து அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லாம் போன் செய்தான். எந்த நம்பர் சொன்னான் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். சந்து முழுக்க எழுந்தது. கால்வாய் வழியாகப் போக நேரமில்லாமல் எல்லோரும் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு பெரிய ரோட்டுக்கே போய் நின்றோம். காப்பிக்கடைக்காரர் குடையை நீட்டிக் கார்களை மறித்தார். வாத்தியாரம்மா மோட்டார் சைக்கிள்காரர்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டுவது மாதிரி அதட்டி நடைபாதையிலிருந்து இறக்கினார். நான் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஒருவன் என்னைக் கிழவி என்று திட்டினான். திட்டட்டும், கிழவிதானே.

ஆம்புலன்ஸ் நேராக உள்ளே வந்தது. து அக்காவைத் தூக்கி வைத்தார்கள், லாம் முன்னால் ஏறினான், நான் பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் புத்தரைக் கும்பிடுகிறவள். ஆனால் எனக்குத் தெரிந்தது இதுதானே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு குர்ஆனிலிருந்து யாசீன் ஓத ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி திரும்பியது தெரிந்தது, பாலம் ஏறி இறங்கியது தெரிந்தது.

யாசீன் பாதிகூட முடியவில்லை. வண்டி நின்று, கதவு திறந்து, "இறங்குங்க, வந்தாச்சு" என்று சொல்கிறார்கள். நான் ஓதுவதை நிறுத்திவிட்டு விழித்துப் பார்த்தேன். அதே ஆஸ்பத்திரிதான், அதே வராந்தாதான்.

இவ்வளவு பக்கத்திலா இருந்தது, நானா?

து அக்கா பிழைத்துக்கொண்டாள். நேற்றுக் கண்ணைத் திறந்ததும், கடையில் அரிசி ஊறப்போட்டது என்னவாயிற்று என்று கேட்டு லாமைத் திட்டினாளாம். நான் அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன், மனசாரப் பட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்காக அழுதேன். இரண்டும் ஒரே நாளில்.

அந்த யாசீனில் மீதி இருந்ததை இன்று காலை உங்கள் கபுருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓதி முடித்தேன். ஒரு சொல் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கால் இருக்கிறவரை, நம் சந்தில் எந்த உயிரும் சுவருக்கு அந்தப் பக்கம் சைரன் கேட்டுக்கொண்டு கிடக்க விடமாட்டேன். முதல் ஆளாக ரோட்டில் போய் நான் நிற்பேன். உங்களை மட்டும் என்னால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. அதை மன்னித்துவிட்டேன் என்று ஒரு நாள் கனவிலாவது வந்து சொல்லிவிட்டுப் போங்கள். வழக்கம்போல ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
ஜெய்னம்பு